பதினொன்றரை என்று சொன்னேன்

அன்புள்ள ராசாவுக்கு அம்மா எழுதுவது. நீ அனுப்பியிருந்த பக்கங்களை மூன்று தடவை படித்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கேட்டிருந்தாய். போனில் நீ கேட்டபோது, “ஆகட்டும் பார்ப்போம், என் பேரெல்லாம் எதுக்குலே” என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மாவுக்குக் கூச்சம் என்று நீ நினைத்திருப்பாய். கூச்சம் இல்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். இப்போதெல்லாம் அரை மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்தால் கால் வீங்கிவிடுகிறது. அதனால் இந்தக் கடிதத்தை நாலைந்து தடவையாக எழுதுகிறேன். எழுத்து ஓரிடத்தில் நேராகவும் ஓரிடத்தில் கோணலாகவும் இருக்கும், பொறுத்துக்கொள். எழுதி முடித்ததும் போனில் படம் பிடித்து அனுப்புகிறேன்.

நீயும் உன்னுடன் இருக்கிற ஆய்வாளர்களும் கனடாவின் வடக்கே சின்னச் சின்ன ஊர்களுக்குப் போய்ப் பிரசவம் பார்க்கும் பெண்களிடம் பேசுகிறீர்கள். அங்கே கர்ப்பிணிகளை நாள் நெருங்குவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே விமானத்தில் ஏற்றி நகரத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள், புருஷனும் இல்லாமல் தாயும் இல்லாமல் யாரோ ஒருவர் வீட்டில் அவர்கள் வலிக்காகக் காத்துக்கிடக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். படித்தபோது எனக்கு மனசு கனத்தது. ஊருக்கு ஒரு மருத்துவச்சியை ஏன் வைக்கக் கூடாது, பட்டணத்துப் பெண்ணுக்குக் கிடைப்பது பனியில் கிடக்கும் பெண்ணுக்கும் ஏன் கிடைக்கக் கூடாது என்று நீ கேட்டிருப்பது நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு நீ எழுதியிருக்கிற முன்னுரை என்னைப் பற்றியது. தாமிரபரணிக் கரையில் கிராம சுகாதார செவிலியராக இருந்த உன் அம்மா, பன்னிரண்டு வருஷம் தன் எல்லைக்குள் ஒரு பிரசவம்கூட வீட்டில் நடக்க விடவில்லை என்றும், அதற்காக அவளுக்குக் கொடுத்த சுவர்க் கடிகாரம் இன்னும் நம் கூடத்தில் ஓடுகிறது என்றும் எழுதியிருக்கிறாய். அதைத்தான் அங்கே எல்லோர் முன்னாலும் படிக்கப் போவதாகச் சொன்னாய்.

நீ இந்தப் படிப்புக்குப் போன அன்றைக்கு உன் பெரியப்பா வந்து, “ஆம்பிளைப் பிள்ளைக்குப் பிரசவத்துல என்ன வே ஆராய்ச்சி, வேற பாடமே கெடைக்கலையா” என்று உன் அப்பாவிடம் கேட்டது நினைவிருக்கிறதா? அப்பா சிரித்துவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். நான்தான் அடுப்படியில் இருந்தபடியே சண்டைக்குப் போனேன். அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பிள்ளை என் வேலையைப் பார்த்து வளர்ந்து, என் வேலையைப் பற்றியே படிக்கப் போகிறான் என்று தெருவெல்லாம் சொன்னேன். அப்போதாவது உன்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அப்பா போன பிறகாவது சொல்லியிருக்க வேண்டும். அவரும் தெரியாமலே போய்விட்டார். இப்போது சொல்கிறேன். நீ எழுதியிருப்பது பொய். உன் பொய் இல்லை, என் பொய்.

ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு குடியிருப்பு இருந்தது என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா. எண்பது வீடு இருக்கும். எல்லோரும் வாழைத் தோட்டத்திலும் வயலிலும் கூலிக்குப் போகிறவர்கள். அங்கே போக ஒரு தாம்போதி, தரையோடு தரையாகக் கிடக்கும் பாலம். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் அதன் மேலே ஏறி ஓடும். அப்போது ஆஸ்பத்திரி வண்டி இக்கரையோடு நின்றுவிடும். அந்த ஊரில் செல்லத்தாயி என்று ஒரு மருத்துவச்சி இருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பள்ளிக்கூடம் போனதில்லை. நான் பயிற்சியில் இரண்டு வருஷம் படித்ததை அவள் கைவிரலில் வைத்திருந்தாள் என்றெல்லாம் அலங்காரமாகச் சொல்ல மாட்டேன். அவளுக்குத் தெரியாதது நிறைய இருந்தது. ஆனால் தனக்கு எது முடியாது என்பது அவளுக்குத் தெரியும். முடியாது என்றால் உடனே சொல்வாள். எங்கள் டாக்டர்களிலேயே சிலருக்கு அது வராது.

மேலே இருந்து எங்களுக்கு வந்த உத்தரவு ஒன்றுதான். வீட்டில் பிரசவம் நடக்கக் கூடாது. நல்ல உத்தரவு, அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. நடந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் சிக்கல். விளக்கம் கேட்டு மெமோ வரும், மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுப்பி நிற்க வைப்பார்கள். நான் வேலையில் சேர்ந்த முதல் வருஷமே அப்படி நின்றேன். தாம்போதியில் இடுப்பளவு தண்ணீர் ஐயா என்றேன். “தண்ணி வரும்னு தெரியும்லா, முன்னாலயே கொண்டுவந்து சேக்க வேண்டியதுதான” என்றார் அதிகாரி. மூத்த நர்ஸ் ஒருத்தி வெளியே வந்ததும் என் தோளைத் தொட்டு, “நீ ஏன்டி உண்மையை எழுதிட்டு நிக்கே? வழியில பெறந்துச்சுன்னு எழுது. ஆஸ்பத்திரிக் கணக்குல சேந்துரும்” என்றாள். அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். செல்லத்தாயி வீட்டிலேயே பிரசவம் பார்த்து முடிப்பாள். எனக்குச் சொல்லி அனுப்புவாள். நான் போய்ப் பார்த்து, பிறகு வண்டியைக் கூப்பிட்டுத் தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போவேன். பதிவேட்டில் ‘வரும் வழியில் பிரசவம், செவிலியர் உடனிருந்தார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். எத்தனை முறை என்று கேட்காதே. செல்லத்தாயியின் பெயர் அந்தப் பதிவேட்டில் ஓரிடத்தில்கூடக் கிடையாது. பார்த்ததெல்லாம் அவள், கையெழுத்தெல்லாம் நான்.

இதனால் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று என்று வெகுநாள் என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். பிள்ளையும் தாயும் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்பேன். ஒரு தடவை அந்தக் குடியிருப்புக்காரர்கள் மனு கொடுத்தார்கள். தாம்போதியை உயர்த்திக் கட்ட வேண்டும், அக்கரையிலேயே ஒரு துணை சுகாதார நிலையம் வேண்டும் என்று. பதில் வந்தது. அந்த ஊர்ப் பிரசவங்கள் அனைத்தும் ஆஸ்பத்திரிக் கணக்கில் நல்லபடியாக இருப்பதால் இப்போதைக்கு அவசியம் இல்லை என்று. அதற்கு அவர்கள் பார்த்தது என் பதிவேட்டை. மனு எழுதிய ஆள் என்னிடமே வந்து, “நர்சம்மா, இதுக்கு நீங்கதான் ஏதாவது பண்ணணும்” என்று கெஞ்சினார். நான் பேசிப் பார்க்கிறேன் என்றேன். யாரிடமும் பேசவில்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். நீ ஏழாம் வகுப்புப் படித்தாய். கார்த்திகை மாதம், மழை விட்டு மூன்று நாள் ஆகித் தாம்போதியில் கணுக்கால் தண்ணீர்தான். வண்டி தாராளமாகப் போகலாம். அன்றைக்கு எங்களுக்கு மாதக் கூட்டம். இசக்கியம்மாள் என்று அக்கரையில் ஒரு பெண், இரண்டாவது பிரசவம், இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்று நான் தேதி சொல்லியிருந்தேன். முதல் பிள்ளை பிறந்து ஒரு மாதத்தில் தவறிவிட்டது, அதனால் இந்தத் தடவை ரொம்பப் பயந்துபோய் இருந்தாள். “நீங்க பக்கத்துல இருப்பீங்கல்லா நர்சம்மா” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். காலையில் எனக்குப் போன் வந்தது. அந்த ஊரில் அப்போது கடைக்கார அண்ணாச்சியிடம் மட்டும்தான் செல்போன் இருந்தது. அதை வாங்கிச் செல்லத்தாயி பேசினாள். கூட்டம் நடக்கிற அறைக்கு வெளியே வராந்தாவில் நின்று கேட்டேன். எதிரே சுவரில் மணி பத்து.

“நர்சம்மா, பொம்பளப் பிள்ள பெறந்துட்டு. பிள்ள நல்லாருக்கு. நஞ்சுக்கொடி விழல. ரத்தம் நிக்க மாட்டேங்கு. இது என் கையில நிக்காது. வண்டியக் கூப்பிடச் சொல்லட்டா?”

நான் என்ன சொன்னேன் என்பதை இருபது வருஷமாக ஒரு எழுத்து மாறாமல் வைத்திருக்கிறேன். “நான் வாரேன். நான் வார வரைக்கும் யாரையும் கூப்பிடாண்டாம்.”

ஏன் அப்படிச் சொன்னேன் தெரியுமா? நான் இல்லாமல் வண்டி போனால், வீட்டில் பிறந்தது என்று வண்டிக்காரர் எழுதிவிடுவார். உள்ளே அதிகாரி உட்கார்ந்திருந்தார். அந்த வருஷம் வீட்டுப் பிரசவம் இல்லாத எல்லை என்று என் பெயரைப் படித்துவிட்டுத்தான் தேநீருக்கு விட்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்துவிட்டால் எப்போதும்போல வழியில் என்று எழுதிவிடலாம். அந்த நிமிஷத்தில் இசக்கியம்மாளைப் பற்றி நினைக்கவே இல்லை என்றால் அதுவும் பொய்யாகிவிடும். நினைத்தேன். ஒரு மணி நேரம் தாங்கும் என்று நினைத்தேன். நஞ்சு விழாமல் ரத்தம் போனால் ஒரு மணி நேரம் என்றால் என்ன என்று பயிற்சியில் எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். தெரிந்துதான் சொன்னேன்.

ஒரு பஸ், பிறகு ஒரு ஆட்டோ. அக்கரைக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றரை. செல்லத்தாயி அவள் வயிற்றைப் பிசைந்து பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவே இல்லை. பாயெல்லாம் நனைந்து கிடந்தது. இசக்கியம்மாளுக்குப் பேச்சு இருந்தது. என்னைப் பார்த்ததும், “வந்துட்டீங்களா” என்று மட்டும் கேட்டாள். ஊசி போட்டேன், வண்டியைக் கூப்பிட்டேன். வண்டி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. தாம்போதியைத் தாண்டி, வாழைத் தோட்டங்களையும் தாண்டி, மெயின் ரோட்டில் ஏறுவதற்குள் போய்விட்டாள். அவள் புருஷன் வாழைக்குலை வெட்டப் போன இடத்திலிருந்து ஓடி வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றான். அவனிடம் யார் சொன்னது என்று நினைவில்லை. நான் சொல்லவில்லை.

பிறகு விசாரணை. தாய் இறந்தால் அவசியம் விசாரிப்பார்கள், அது சரியான ஏற்பாடு. அதிகாரி என்னை உட்கார வைத்து மரியாதையாகத்தான் கேட்டார். “உங்களுக்கு எத்தனை மணிக்குத் தகவல் வந்தது?” நான், “பதினொன்றரைக்கு ஐயா” என்றேன். வழக்கமான பார்வைக்கு அங்கே போனபோதுதான் தெரிந்தது என்பதுபோல, போய்ச் சேர்ந்த நேரத்தையே தகவல் வந்த நேரமாக்கிவிட்டேன். அவர் எழுதிக்கொண்டார். வெளியே பெஞ்சில் செல்லத்தாயி உட்கார்ந்திருந்தாள். அவளைக் கூப்பிட்டு நிற்க வைத்து, காலையிலேயே ஏன் சொல்லவில்லை, நீ யார் கை வைக்க, படித்திருக்கிறாயா என்று கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் “தப்புதான் ஐயா” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பயிற்சி இல்லாத மருத்துவச்சி தாமதம் செய்ததால் என்று எழுதி முடித்துவிட்டார்கள். கடைக்கார அண்ணாச்சியை யாரும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் அந்தக் கடிகாரத்தைக் கொடுத்தார்கள். விசாரணைத் தாளையும் பதிவேட்டையும் யாரும் ஒத்துப் பார்க்கவில்லை; பதிவேட்டில் இசக்கியம்மாள் கணக்கும் வழியில் என்றுதான் போயிருந்தது, அதனால் என் எல்லையில் வீட்டுப் பிரசவம் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் நீ அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, “எதுக்கும்மா குடுத்தாங்க” என்று கேட்டாய். நான் உன் கன்னத்தில் அறைந்தேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் உன்னை நான் கைநீட்டி அடித்ததில்லை. நீ அதை மறந்துவிட்டாய் போலிருக்கிறது, இல்லாவிட்டால் கடிகாரத்தைப் பற்றி இவ்வளவு ஆசையாக எழுதியிருக்க மாட்டாய். மன்னிப்பு என்று தனியாகக் கேட்கவில்லை. அதையும் இதோடு சேர்த்துக்கொள்.

நீ படித்தவன், உன் வேலையைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது. ஆனாலும் பதிவேடு எழுதின கை சொல்கிறது, கேட்டுக்கொள். அங்கே பனிக்குள் இருக்கிற ஊர்களில் யாராவது உங்களிடம் குறையே இல்லாத ஒரு கணக்கைக் காட்டினால் அதிலேயே நின்றுவிடாதே. உண்மையை எழுதினால் அதை எழுதுகிறவளுக்கு என்ன நடக்கும் என்று ஒரு தடவை நினைத்துப் பார். நடக்கப்போவது தண்டனை என்றால் அந்தக் கணக்கு தண்டனைக்குப் பயந்து எழுதினதாகத்தான் இருக்கும். கேள்வித்தாளை எடுத்து வைத்துவிட்டு, அடுப்படிப் பக்கம் ஒதுங்கி நிற்கிற பெண் யார், அவளுக்கு ஏன் நாற்காலி போடவில்லை என்று பார். அவளிடம் பையப் பேசு. முதல் நாளே சொல்ல மாட்டாள். நாலாவது நாள் போ. என்னிடம் எத்தனையோ பேர் வந்து பேட்டி எடுத்தார்கள். எல்லோரும் பதிவேட்டைப் படம் பிடித்துக்கொண்டு, காபி குடித்துவிட்டுப் போனார்கள். அக்கரைக்குப் போக வேண்டும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து பயந்தே எனக்கு அலுத்துவிட்டது.

உன் பக்கங்களைப் படித்த பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே போனேன். தாம்போதி அப்படியேதான் கிடக்கிறது. செல்லத்தாயிக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள். அந்த விசாரணைக்குப் பிறகு யாரும் அவளைப் பிரசவத்துக்குக் கூப்பிடவில்லை, அவளும் போகவில்லை, வயல் வேலைக்குப் போயிருக்கிறாள். நான் அவள் முன்னால் உட்கார்ந்து, “அக்கா, அன்னைக்கு ஏன் என்னைக் காட்டிக் குடுக்கல?” என்று கேட்டேன். அவள் அதற்குப் பெரிதாக யோசிக்கவில்லை.

“உங்களை மாத்திட்டா வேற யாரு வருவா நர்சம்மா? உங்களுக்கு முன்னால ரெண்டு வருசம் யாருமே இல்லாமக் கெடந்துச்சு இந்த ஊரு. நீங்க தண்ணியில எறங்கியாவது வந்தீங்க. நான் இல்லாட்டி ஆஸ்பத்திரிக்குப் போவாளுவ. நீங்க இல்லாட்டி ஊசி போட யாரு இருக்கா?”

நான் என்ன செய்யட்டும் அக்கா, ஊரைக் கூட்டிச் சொல்லட்டுமா என்று கேட்டேன். “ஊருக்கு என்னத்துக்கு. ஊரு மறந்துட்டு. இசக்கி மக இருக்கால்லா, மாரிச்செல்வி. அவ மட்டும் மறக்கல. அவகிட்டச் சொல்லுங்க, போதும்” என்றாள்.

மாரிச்செல்வி என்பது அன்றைக்குப் பிறந்த பிள்ளை. இருபது வயதாகிறது. அத்தை வீட்டில் வளர்ந்தவள். அன்றே போனேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. அன்று வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன். இரண்டு நாள் படுத்துக்கிடந்தேன். நேற்றுக் காலையில் போனேன். அவள் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். தடுப்பூசி போட்ட நர்சம்மா என்று என்னைத் தெரியும், பாய் விரித்து உட்கார வைத்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை. உங்கம்மாவுக்கு ரத்தம் நிற்கவில்லை என்று செல்லத்தாயி பத்து மணிக்கே சொல்லிவிட்டாள், வண்டியைக் கூப்பிட வேண்டாம் என்று சொன்னது நான், விசாரணையில் பதினொன்றரை என்று பொய் சொன்னதும் நான் என்று சொன்னேன். அவள் கை இலையைச் சுருட்டிக்கொண்டே இருந்தது. நாலைந்து பீடி சுற்றி முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

“செல்லத்தாயி எங்க வீட்டு வாசலைத் தாண்டிப் போனா, பொறத்தாலயே நான் ஒரு செம்புத் தண்ணி எடுத்துத் தெளிப்பேன். சின்னப் பிள்ளையில இருந்து தெளிக்கேன். அவ திரும்பிப் பாப்பா. ஒண்ணும் சொல்ல மாட்டா.” முறத்தை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, “உங்களுக்கு எத்தன தடவ எந்திச்சு நாற்காலி போட்டுருக்கேன்” என்றாள்.

நான் அழுதேன். அவள் அழவில்லை. உள்ளே போய்ப் பழைய நோட்டு ஒன்றிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்து, பேனாவோடு என் முன்னால் வைத்தாள். “இப்பச் சொன்னதை அப்படியே எழுதுங்க. நேரத்தைப் போடுங்க. அடியில கையெழுத்துப் போடுங்க.” எழுதினேன். அவள் வாங்கி, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளைப்போலப் பைய, வாய்விட்டுப் படித்தாள். “பிரசவம் பார்த்தது யாருன்னு எழுதலையே” என்று திருப்பிக் கொடுத்தாள். செல்லத்தாயி என்று எழுதினேன். முப்பது வருஷ வேலையில் அந்தப் பெயரை எழுதியது அதுதான் முதல் தடவை.

என்னை வழியனுப்பக்கூட அவள் நிற்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். நான் சுவரைப் பிடித்து எழுந்து வெளியே வந்தபோது மாரிச்செல்வி, செல்லத்தாயியின் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளேயும் போகவில்லை, திரும்பியும் வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றாளோ, எனக்குத் தெரியாது. எனக்கு அங்கே நின்று பார்க்கிற யோக்கியதை இல்லை என்று தோன்றியது, பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

நீ வெள்ளிக்கிழமைக்குள் கேட்ட பதில் இதுதான். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது என் பெயரை எடுத்துவிடு என்று கேட்கத்தான் நினைத்தேன். இப்போது கேட்கவில்லை. என் பெயர் இருக்கட்டும். பன்னிரண்டு வருஷம் என்று தொடங்குகிற வரியை அடித்துவிட்டு, தகவல் வந்தது பத்து மணி, போய்ச் சேர்ந்தது பதினொன்றரை என்று போடு. எல்லோர் முன்னாலும் படி. படிக்கும்போது உனக்குக் குரல் நடுங்கினால், நடுங்கட்டும், நிறுத்தாதே ராசா.

அம்மா